நூறு மாணவர் இருந்தால் ஓர் ஆலோசகர் வேண்டும். சரி, யாரை நியமிப்பது?

விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருவர் 2023 ஜூலையில் இறந்துபோனார். அந்த மரணத்தை சிபிஐ விசாரிக்க வேண்டும் என்று அவருடைய தந்தை நடத்திய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலை 25 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு விசாரணையை சிபிஐக்கு மாற்றியது. அதோடு விடாமல், நாட்டில் உள்ள எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 2022-ல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தனிச் சட்டம் வரும்வரை இந்த வழிகாட்டுதல்கள் எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

அவற்றில் ஒன்றுதான் இப்போது பள்ளி நிர்வாகங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றும், தகுதியுள்ள ஆலோசகர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் அவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பயிற்சியை மெய்ப்பிக்கவும் முடிய வேண்டும். நூறு பேருக்குக் குறைவாக இருந்தால், வெளியில் உள்ள நிபுணர்களோடு முறையான ஏற்பாடு இருந்தால் போதும்.

படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது. தாளாளரின் மேசைக்கு விண்ணப்பங்கள் வரும்போதுதான் சிக்கல். ஒருவர் எம்.எஸ்சி. உளவியல், இன்னொருவர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை), மூன்றாமவர் கையில் ஆறு மாத டிப்ளமோ, நான்காமவரிடம் இரண்டு வார இறுதிகளில் ஆன்லைனில் வாங்கிய சான்றிதழ். நான்கு பேருமே 'கவுன்சிலர்'. இவர்களில் யார் தகுதியுள்ளவர் என்பதற்கு அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் விடை கிடைக்கும்.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழ்நாட்டில் 'கவுன்சிலர்' என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் வார்டு கவுன்சிலர். 'கவுன்சிலிங்' என்றால் பொறியியல் கல்லூரி இட ஒதுக்கீடு, இல்லாவிட்டால் ஆசிரியர் இடமாறுதல். மகளிர் காவல் நிலையத்தில் 'கவுன்சிலிங் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்' என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அங்கே நடந்தது கண்டிப்பும் சமரசமும் கலந்த ஒரு பஞ்சாயத்து.

அரசு அறிவிக்கைகளில் இந்த வேலைக்கு ஆற்றுப்படுத்துநர் என்று பெயர். இலங்கைத் தமிழில் உளவளத்துணையாளர். எனக்கு முதல் சொல் பிடிக்கும். பழைய ஆற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழியைச் சொல்கிறான். அவனுக்குப் பதிலாக நடந்துபோவதில்லை. வேலையின் சாரம் ஏறத்தாழ இதுதான். அறிவுரை சொல்ல வீட்டில் தாத்தா, பெரியப்பா, தாய்மாமன், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று வரிசையில் ஆள் இருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் அதற்காக ஒருவரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தத் தேவையில்லை.

அந்த அறையில் என்னதான் நடக்கிறது?

ஒரு மாதிரிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பையன். ஒன்றரை மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டு உட்காருகிறார். அப்பா கதவோரம். பையன் நடுவில், தலையைக் குனிந்தபடி.

"எத்தனாவது படிக்கிறீங்க தம்பி?" என்று ஆலோசகர் கேட்கிறார். அம்மா பதில் சொல்கிறார்: "டென்த் மேடம். நல்ல பையன்தான். அந்தப் போனைக் கையில் எடுத்த பிறகுதான் இப்படி ஆயிட்டான். நீங்களாவது கொஞ்சம் புத்தி சொல்லுங்க."

பயிற்சி இல்லாதவர் இங்கேயே விழுவார். போனைப் பற்றி ஒரு பத்து நிமிடம் பேசுவார், பையன் தலையாட்டுவான், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். பயிற்சி பெற்றவர், கேள்வி யாரிடம் போனது, பதில் யாரிடமிருந்து வந்தது என்பதைக் கவனிக்கிறார். அப்புறம் மூவரும் இருக்கும்போதே ஒரு விதியைச் சொல்கிறார்: "தம்பி இங்க பேசறதை நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவன் உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, இல்ல யாராவது அவன்கிட்ட தப்பா நடந்திருந்தா, அப்ப மட்டும் சொல்லியாகணும். அதையும் அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." பிறகு பெற்றோரை இருபது நிமிடம் வெளியே உட்காரச் சொல்கிறார்.

அடுத்து ஒரு வெள்ளைத் தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைகிறார். பேசாத பிள்ளைகளும் படத்தில் தப்பு இருந்தால் திருத்துவார்கள். "பாட்டி இப்ப இல்ல மேடம். செத்தவங்களுக்கு எப்படிப் போடணும்?" என்று பையன் கேட்கிறான். வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட வேண்டும் என்கிறார். பேனாவை வாங்கி அவனே போடுகிறான். பாட்டி இறந்து மூன்று மாதம். சின்ன வயதிலிருந்து அவர் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான். வீட்டில் யாரும் இதைச் சொல்லவே இல்லை.

நேரடியாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் இந்த அச்சத்துக்கு ஆதாரம் காட்டவில்லை. கேட்ட பிறகு பல பிள்ளைகளுக்கு மூச்சு விட முடிகிறது. பதில் 'ஆம்' என்றால் வேலை மாறுகிறது: எப்போது, எப்படி, கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, யாரிடம் சொல்வான், இன்றிரவு அவனோடு யார் இருப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டு எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம் போட வேண்டும். மனநல மருத்துவரிடம் அன்றே அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும்.

பெற்றோரைத் திரும்ப உள்ளே அழைத்ததும் இன்னொன்று தெரியவருகிறது. இருவரும் நேரடியாகப் பேசிக்கொண்டு பல நாளாகிறது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "உங்கம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு" என்று எல்லாம் பையன் வழியாகத்தான் போய்வருகிறது. நம் வீடுகளில் இது சாதாரணம் என்று கடந்துபோவோம். இருவருக்கிடையே உள்ள இறுக்கம் மூன்றாமவர் தலையில் இறங்குவதை அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவென் 'முக்கோணம்' என்றார். பாட்டி போன பிறகு அந்த வீட்டில் தூது போக மிச்சமிருப்பவன் இவன் ஒருவன்தான். அவன் பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் என்ன ஆகும் என்ற பயத்தை அவனாலேயே சொல்லில் கொண்டுவர முடியவில்லை. ஆக, சிகிச்சை பையனுக்கு மட்டுமானதாக இருக்க முடியாது.

குடும்பத்தையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதில்லை. வேலூர் சிஎம்சியின் மனநல மையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே நோயாளியோடு வீட்டாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கிறார்கள்.

யார் யார், என்ன படித்தவர்கள்?

1. மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. அல்லது அதற்கு நிகரான படிப்பு. மருந்து எழுதுபவர் இவர். குழந்தைகளுக்கென்றே தனிப்பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு.

2. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். உளவியலில் முதுகலைக்குப் பிறகு, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற இரண்டாண்டு எம்.ஃபில். படித்தவர். அதில் பெரும்பகுதி மருத்துவமனையில், மூத்தவர் மேற்பார்வையில் நடக்கும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டதால், இந்தப் படிப்புக்கு 2025-26 சேர்க்கை வரை மட்டும் பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு கொடுத்தது. பிளஸ் டூ முடித்து இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் பழைய தகவலை நம்பிச் சேராமல், கவுன்சிலின் இப்போதைய பட்டியலைப் பார்த்துச் சேர்வது நல்லது.

3. சமூகப் பணியாளர். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர். 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் போன்ற நிறுவனங்களில் வகுப்போடு களப்பணியும் சேர்ந்தே நடக்கும். மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்து, மேலே பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் எம்.ஃபில். முடித்தவர் மனநலச் சமூகப் பணியாளர். பள்ளிகள் இவர்களை இரண்டாம் தரமாகப் பார்க்கின்றன. அது தப்புக் கணக்கு. வீட்டுக்குப் போய்ப் பார்க்க, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத, குடிநோய் மறுவாழ்வு மையத்தில் அப்பாவைச் சேர்க்க, குழந்தைகள் நலக் குழுவோடு பேச, எல்லாவற்றுக்கும் பழக்கப்பட்டவர் இவர்தான்.

4. ஆலோசனை உளவியலர், அதாவது நாம் 'கவுன்சிலர்' என்பவர். குழப்பம் முழுக்க இங்கேதான். இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. படித்து நூற்றுக்கணக்கான மணி நேரம் மேற்பார்வையில் பணி செய்தவரும் இதில் வருகிறார். வார இறுதிச் சான்றிதழ்க்காரரும் வருகிறார். டாக்டர், வக்கீல் என்று போர்டு மாட்டப் பதிவு வேண்டும். 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்ட நீண்டகாலம் எந்தப் பதிவும் தேவைப்படவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் 2021-ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் உளவியலர்கள் (மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நீங்கலாக), பல வகை ஆலோசகர்கள், மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்கள் இடம்பெறுகிறார்கள். சுகாதாரப் பராமரிப்புத் தொழிலர் என்று சொல்லிக்கொள்ள 3 முதல் 6 ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். வார இறுதிச் சான்றிதழை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

5. தன்னார்வலர். 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவில் தொலைபேசியை எடுப்பவர்கள், பயிற்சி பெற்ற பொதுமக்கள். தீர்ப்புச் சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதுதான் அவர்கள் பணி. அது சிகிச்சை இல்லை. சிகிச்சை என்று அவர்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை. இந்த நேர்மையைச் சில 'லைஃப் கோச்'கள் கற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

வேலை எங்கே இருக்கிறது, சம்பளம் என்ன?

பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, தனிக் கிளினிக் என்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் மிகச் சிக்கலில் இருக்கும் பிள்ளைகளைச் சந்திக்கும் இடங்கள் வேறு.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. ஓடிப்போன பிள்ளை, குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்ட பெண், பெற்றோரை இழந்தவர், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு வந்த அழைப்பு என்று எல்லாம் அங்கே வரும். அங்கே ஆற்றுப்படுத்துநர் என்று ஒரு பணியிடம். உளவியல், சமூகப் பணி, சமூகவியல் போன்றவற்றில் பட்டம், ஓராண்டு அனுபவம். தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். பணி ஒப்பந்த அடிப்படையில்தான். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் சாட்சி சொல்லப் போகும் ஒன்பது வயதுக் குழந்தையைத் தயார்படுத்துபவருக்கு இதுதான் கூலி. இரண்டு மூன்று ஆண்டில் கை தேர்ந்ததும் தனியாருக்கோ வங்கித் தேர்வுக்கோ போய்விடுகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் இன்னொரு வாசல் இருக்கிறது. சட்டத்துக்கு முரண்பட்ட சிறார் ஒருவர் பிடிபட்டால், நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் அவருடைய குடும்பம், படிப்பு, சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவரைப் பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். குழுமத்தில் குழந்தை உளவியல் தெரிந்த உறுப்பினர் இல்லாவிட்டால் உளவியலர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பையன் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வீடு திரும்புவதா, பெரியவரைப் போல விசாரிக்கப்படக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போவதா என்பதில் இந்த அறிக்கைகளுக்குப் பெரிய பங்குண்டு.

குடும்ப நல நீதிமன்றங்களுக்கும் 1984 சட்டப்படி ஆலோசகர்கள் உண்டு. விவாகரத்து கேட்டு வரும் இருவரையும் எப்படியாவது சேர்த்துவைப்பதுதான் அவர்கள் வேலை என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பிரிவது என்று முடிவாகிவிட்ட பிறகு, குழந்தை யாரிடம் எத்தனை நாள் என்பதைச் சண்டையில்லாமல் பேசி முடிக்க உதவுவதும் அதே வேலைதான். அடித்த கணவனோடு ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது அதில் சேராது.

தொலைபேசி வழிப் பணியும் வளர்ந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416, தமிழ்நாட்டில் நீட் முடிவுகளின்போது மாணவர்களை அழைத்துப் பேசும் 104, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்கள் வேண்டியிருக்கிறது.

ரகசியம் காப்பது எதுவரை?

மேலே ஆலோசகர் சொன்ன அந்த விதிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. ஆலோசகருக்கு விலக்கு இல்லை.

சித்தப்பாவோ ஆசிரியரோ தொல்லை கொடுத்தார் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் 17 வயதுப் பெண் வந்து, கூடப் படிக்கும் பையனைக் காதலிப்பதாகவும் இருவரும் நெருங்கிப் பழகியதாகவும் சொன்னால்? சட்டத்தின் கண்ணில் அவளுடைய சம்மதத்துக்கு மதிப்பில்லை. சொன்னால் பையன் மீது வழக்கு. அதைவிட, விஷயம் அவள் வீட்டுக்குத் தெரியவரும். அவன் வேறு சாதி என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் ஆலோசகர் மீது வழக்கு. இந்த இக்கட்டைப் பாடப்புத்தகம் தீர்க்காது. அதனால்தான் நல்ல ஆலோசகர் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லையைச் சொல்லிவிடுகிறார். எதைச் சொல்வது என்று பிள்ளை முடிவெடுக்க அது இடம் கொடுக்கிறது.

குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்குகளிலும் ஓர் எல்லை உண்டு. சமரசப் பேச்சில் பேசியது வெளியே வராது என்பது பொது விதி. குழந்தையிடம் பேசி ஆலோசகர் தந்த அறிக்கையைக் குழந்தையின் நலனுக்காக நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பாவும் அம்மாவும் குழந்தைக்கு வசனம் சொல்லிக்கொடுத்து அனுப்புவது இதனால் நடக்கிறது. எட்டு வயதுக் குழந்தை 'மன உளைச்சல்' என்ற சொல்லைப் பயன்படுத்தினால், சொல் எங்கிருந்து வந்தது என்று ஆலோசகருக்குத் தெரிந்துவிடும்.

தீர்ப்பு நடைமுறைக்கு வரும்போது

திடீரென்று இத்தனை பள்ளிகளுக்கும் ஆள் தேவைப்பட்டால் நடக்கக்கூடியதைக் கணிப்பது கடினமில்லை.

முதலாவது, காகித நியமனம். உடற்கல்வி ஆசிரியரோ அறிவியல் ஆசிரியையோ ஒரு நாள் பயிலரங்குக்குப் போய்வந்து 'ஆலோசகர்' ஆகிவிடுவார். பருவத் தேர்வில் மதிப்பெண் போடுபவரிடம் பிள்ளை மனம் திறக்காது என்பது ஒருபுறம். அந்த ஆசிரியருக்குமே அது நியாயமில்லை. ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி என்று தீர்ப்பு தனியாகச் சொல்கிறது. அந்தப் பயிற்சி, பிரச்சினையைக் கண்டறிந்து அனுப்புவதற்குத்தான்.

இரண்டாவது, டிப்ளமோ சந்தை. இதற்கு நியமனக் குழு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: எந்தப் பல்கலைக்கழகம், நேரடி வகுப்பா, குழந்தைகளோடு எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில், பதிவு எண் உண்டா, தற்கொலை எண்ணம் தெரியவந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள், இப்போது உங்கள் வேலையை யாரிடம் காட்டி விவாதிக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விதான் வடிகட்டி. பத்து வருட அனுபவம் உள்ளவரும் மேற்பார்வைக்குப் போவார். 'எனக்குத் தேவையில்லை' என்பவரை நியமிக்காமல் இருப்பதே மேல்.

மூன்றாவது, எல்லாப் பாரத்தையும் அந்த ஒருவர் தலையில் இறக்குவது. மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரிக்கக் கூடாது, எல்லோர் முன்னும் அவமானப்படுத்தக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. காலை வழிபாட்டில் ரேங்க் பட்டியல் வாசித்துவிட்டு, அழுதவரை ஆலோசகரிடம் அனுப்பினால் அவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனடியாக மறுதேர்வு எழுத வழி பிறந்ததில் சிநேகா போன்றவர்களின் வலியுறுத்தலுக்கும் பங்குண்டு. எத்தனையோ மணி நேர ஆலோசனை சாதிக்க முடியாததை ஒரு தேர்வுத் தேதி மாற்றம் செய்தது.

நான்காவது விஷயம் அற்பமாகத் தெரியும்: அறை. பல பள்ளிகளில் ஆலோசகருக்குக் கொடுக்கப்படுவது தலைமையாசிரியர் அறையை ஒட்டிய ஒரு மூலை, அல்லது ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மேசை. 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லையே கேலிக்கு வைத்திருக்கும் ஊரில், உள்ளே போகும் பிள்ளையைத் தாழ்வாரமே பார்த்துக்கொண்டிருந்தால் யார் போவார்கள்? நூலகத்துக்குப் பக்கத்தில், வேறு காரணத்துக்காகவும் பிள்ளைகள் நடந்துபோகும் வழியில், மூடக்கூடிய கதவோடு ஓர் அறை கொடுத்தால் போதும். கதவில் 'மனநல ஆலோசனை' என்று எழுதி ஒட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது.